சட்ட மறுப்பா, ஆயுதக் கிளர்ச்சியா?

நாமே தேர்ந்தெடுத்த அரசு அநீதி செய்தால் என்ன செய்வது?

சட்ட மறுப்பு என்பது அரசின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டே, அநீதியான ஒரு சட்டத்தை வெளிப்படையாக மீறுவது, தண்டனையையும் ஏற்பது. மனு, வழக்கு, பேச்சுவார்த்தை எல்லாம் பலனளிக்காதபோதுதான் இது நியாயம். 1963இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் நிறப்பாகுபாட்டை எதிர்த்துப் போராடிய தொண்டர்கள் முதலில் உறுதிமொழி அட்டையில் கையெழுத்திட்டார்கள். அடி விழும்போது திருப்பி அடிக்காமலிருக்கப் பயிற்சி எடுத்தார்கள். பயிற்சியைத் தவிர்த்தால் வினைதான்: ஒரே ஒரு கல் பறந்தாலும் ஊர்ப்பேச்சு கோரிக்கையை விட்டுக் கல்லுக்குத் தாவிவிடும். பேருந்தில் நிறப்பாகுபாட்டை எதிர்த்து அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரக் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் தாக்குப்பிடித்தது. வேலைக்குப் போக மாற்றுக் கார் ஏற்பாடு இருந்தது அதற்குப் பெரிய பலம்.

ஆயுதக் கிளர்ச்சிக்கான வாசல் மிகக் குறுகியது, குறுகியதாகவே இருக்கவும் வேண்டும். தேர்தலில் தோற்றது காரணமாகாது. தேர்தலே ஒழிந்து, நீதிமன்றம் முடங்கி, திருத்தும் வழியெல்லாம் அடைபட்டிருக்க வேண்டும். ஜெர்மனி 1968இல் தன் அரசியல் சாசனத்தின் 20ஆம் பிரிவில் சேர்த்த எதிர்ப்புரிமைக்கும் (சாசன ஒழுங்கையே ஒழிக்க முயல்வோரை எதிர்க்கும் உரிமை) வேறு வழி இல்லாமை நிபந்தனை.

1900 முதல் 2006 வரையிலான 323 போராட்டங்களை ஆராய்ந்ததில், அறவழியில் 53 சதவீதமும் ஆயுதவழியில் 26 சதவீதமும் வென்றிருந்தன. துப்பாக்கி ஏந்தக்கூடியவர்கள் சிலர்தான். புறக்கணிப்பில் பாட்டியும் சேரலாம்.