பக்கத்துப் பேனலோடு ஒட்டாத படம்: மேட்பிளாட்லிப்போடு பல வருடங்கள்

கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் எடுத்த படத்தையும், அதன் ஒரு வெட்டுக்கோட்டில் ஒளிச்செறிவு எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைகோட்டையும் ஒரே வரிசையில் போட, பைத்தானில் வரைபடம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிப்பை நம்பலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். பல வருடங்களாக அதில்தான் ஆய்வுப் படங்களைத் தயாரிக்கிறேன். அடிப்படையெல்லாம் அவருக்கும் தெரியும், இதைப் படிக்கும் உங்களுக்கும் தெரியும். அதனால் ஒரே விஷயத்தை மட்டும் பேசுகிறேன்: இரண்டு பேனல்களை (ஒரே தாளில் உள்ள தனித்தனிப் படப் பெட்டிகளை) அருகருகே வைத்தால் அச்சுகளின் விகிதம் படும் பாடு.

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தைக் காட்டும் கட்டளையான இம்ஷோவில் ஆஸ்பெக்ட் (உயர அகல விகிதம்) இயல்பாகவே 'ஈக்வல்', அதாவது இரண்டு அச்சிலும் ஓர் அலகுக்கு ஒரே நீளம், என்று இருப்பது மிகச் சரியான முடிவு. வட்டமான நியூக்ளியஸ் பேனலின் இடத்துக்கு ஏற்ப நீண்டு முட்டையாகிவிட்டால், அது படமே இல்லை, பொய். வேண்டிய இடத்தில் மாற்றவும் வழி இருக்கிறது. வெவ்வேறு ஆழத்தில் எடுத்து அடுக்கிய படங்களான ஸ்டாக்கின் பக்கவாட்டு வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிக்சல் 0.2 மைக்ரான், தளங்களுக்கு இடையே 1 மைக்ரான் என்றால் ஆஸ்பெக்டுக்கு 5 கொடுத்தால் போதும், நசுங்கிக் கிடந்த செல் தன் உண்மையான உயரத்துக்கு வந்துவிடும். படத்தின் அச்சு எல்லைகளான எக்ஸ்டென்ட்டையே மைக்ரானில் கொடுத்துவிட்டால் அந்த 5-ம் தேவையில்லை, ஈக்வலே பார்த்துக்கொள்ளும். இரண்டு அச்சுக்கும் ஒரே அலகு இல்லாதபோதுதான் ஈக்வலுக்கு அர்த்தம் போய்விடுகிறது. நேரத்துக்கு எதிராக அதிர்வெண்ணைக் காட்டும் 10 வினாடி, 4000 ஹெர்ட்ஸ் ஸ்பெக்ட்ரோகிராமை அப்படிப் போட்டால் அகலத்தைவிட 400 மடங்கு உயரமான ஒரு கீற்றுதான் வரும். அங்கே பேனலின் இடத்துக்கு ஏற்ப நீட்டிக்கொள்ளும் 'ஆட்டோ' கொடுத்துவிட்டுப் போய்விடலாம்.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். பேனல்களை உருவாக்கும் சப்பிளாட்ஸ் கட்டளையில் ஒரு வரிசை, இரண்டு பேனல், வேறு எதையும் தொடவில்லை. 6.4 அங்குலத்துக்கு 4.8 அங்குலத் தாளில் ஒவ்வொரு பேனலுக்கும் ஏறத்தாழ 2.25 அங்குல அகலமும் 3.7 அங்குல உயரமும் கிடைக்கும். இடப்பக்கச் சதுரப் படம் தன் விகிதத்தைக் காப்பாற்ற 2.25 அங்குலச் சதுரமாகச் சுருங்கி நடுவில் நிற்கும். வலப்பக்க வரைகோடு 3.7 அங்குல உயரத்துக்கும் விரிந்து நிற்கும். மேலே ஒட்டாது, கீழேயும் ஒட்டாது. ஒரே வெட்டுக்கோட்டின் தரவை அக்கம்பக்கத்தில் ஒப்பிட வேண்டிய வாசகருக்கு இது பெரிய இடைஞ்சல்.

அப்புறம் கலர்பார், எந்த நிறம் எந்த மதிப்பு என்று காட்டும் பட்டை. படத்தோடு அதைச் சேர்த்தவுடன் அந்தப் பேனலின் அகலத்திலிருந்து 15 சதவீதத்தைத் தனக்கும், 5 சதவீதத்தை இடைவெளிக்கும் எடுத்துக்கொள்ளும். விகிதம் பூட்டியிருப்பதால் படம் உயரத்திலும் சேர்ந்து சுருங்கும். பார் மட்டும் பழைய உயரத்திலேயே படத்தைத் தாண்டி நிற்கும். ஃப்ராக்ஷன் (பாரின் பங்கு) 0.046, பேட் (இடைவெளி) 0.04 என்று ஒரு மந்திர எண்ணைப் பலரும் கை மாற்றிக்கொண்டே வருகிறார்கள். சதுரப் படத்துக்கு அது கிட்டத்தட்டப் பொருந்தும், நீள்சதுரத்துக்குப் பொருந்தாது. இவ்வளவு முதிர்ந்த ஒரு கருவியில் இதற்கு மந்திர எண் தேவைப்படுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அந்தப் பேனலிலேயே இன்செட் ஆக்ஸஸ் (பேனலோடு இணைந்த துணைப் பெட்டி) ஒன்றை உருவாக்கி, பேனலின் அகலத்தை 1 என்று வைத்து 1.04-இல் தொடங்கி 0.05 அகலம், முழு உயரம் என்று கொடுத்து, கலர்பாரை அதற்குள் போடுங்கள். படம் சுருங்காது, பாரும் படத்தின் உயரத்துக்குச் சரியாக நிற்கும். பக்கத்துப் பேனலில் இடிக்காமல் நடுவில் கொஞ்சம் இடம் விட்டால் போதும்.

இத்தனை எரிச்சலையும் ஆற்றியது 2020-இல் 3.3 பதிப்போடு வந்த செட் பாக்ஸ் ஆஸ்பெக்ட். தரவின் அலகு என்னவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, பெட்டியின் உயரத்தை அகலத்தால் வகுத்த எண்தான் அதற்கு வேண்டும். படத்தில் 512 வரிசை, 1024 நிரல் என்றால் வரைகோட்டுப் பேனலுக்கு 0.5 கொடுங்கள். இரண்டும் ஒரே அளவில் வந்து நிற்கும். இதை முதலில் பார்த்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை. 3.6-இல் வந்த 'கம்ப்ரெஸ்ட்' லேஅவுட்டும் நல்லது, விகிதம் பூட்டிய படங்களுக்கு நடுவே கிடக்கும் வெற்றிடத்தை அது இழுத்துச் சேர்த்துவிடும். தாளின் விளிம்பில் மிஞ்சும் வெள்ளையைச் சேமிக்கும்போது 'டைட்' கொடுத்து வெட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: இந்த வாரமே கட்டுரை அனுப்ப வேண்டும் என்றால் இதில் பேனல் அடுக்காதீர்கள். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பாகச் சேமித்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அடுக்குங்கள். அதே அமைப்பில் நிறைய படங்கள் போட வேண்டியிருந்தால் மட்டும் ஒரு மாலையை ஒதுக்கி, பாக்ஸ் ஆஸ்பெக்டையும் இன்செட் கலர்பாரையும் ஒரே ஃபங்ஷனுக்குள் எழுதி வையுங்கள். ஆய்வகக் கணினியில் 3.3-க்கு முந்தைய பதிப்பு இருந்தால் அதை மாற்றிய பிறகு தொடங்குங்கள்.