செட்டிநாட்டு வீடு என்று படம் காட்டி பைபாஸ் ஓரத்துக் கட்டடத்தில் தங்க வைத்தார்கள்

வார இறுதிக்குச் செட்டிநாடு போகலாம் என்று இன்ஸ்டாகிராமில் தேடிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 'நூறு வருஷத்து வீட்டில் தங்கல், ஏரியைப் பார்த்த அறை, ஆச்சி கைப்பக்குவம், அரண்மனைக்குள் அனுமதி' என்று ஒருவர் பேக்கேஜ் போட்டு விற்கிறார். நான்கில் ஒன்றுகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை.

திருச்சியிலிருந்து காரில் போய் ஒரு ராத்திரி தங்கி வர இடம் தேடினோம். கொல்லிமலை பக்கம்தான், ஆனால் 70 கொண்டை ஊசி வளைவுகள் அத்தைக்கு (என் மாமியார்) ஆகாது. கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். அதை எடுத்துவிடலாம், லீவு நாளில் மலையேறும் வண்டி வரிசையை யார் தாங்குவது? செட்டிநாடு என்றால் புதுக்கோட்டை, திருமயம் வழியாகச் சமவெளிச் சாலை. காரைக்குடிக்குச் சுமார் 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். தவிர, அத்தை தேவகோட்டையில் வளர்ந்தவர். அவருடைய அப்பா அங்கே ஒரு பெரிய வீட்டில் கணக்குப்பிள்ளை. "அந்த மாதிரி தரையில் ஒரு நாள் படுத்து எழுந்தால் போதும்" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏஜென்ட் அனுப்பிய படங்கள் அப்படி இருந்தன. பர்மா தேக்குத் தூண்கள், வானம் தெரியும் வளவு (நடு முற்றம்), ஊஞ்சல், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர். ஆளுக்கு 4,500, நான்கு பேருக்கு 18,000 ரூபாய். முன்பணமாக 12,000 ஜீபேயில் போனது. வீடு எந்த ஊரில் என்று கேட்டேன். "செட்டிநாட்டில்தான் மேடம், எல்லா இடமும் அஞ்சு நிமிஷம்" என்றார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். செட்டிநாடு ஒரு ஊர் இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கிற எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். கானாடுகாத்தான் காரைக்குடிக்கு வடக்கே, தேவகோட்டை தெற்கே, பிள்ளையார்பட்டி மேற்கே. எல்லாவற்றுக்கும் அஞ்சு நிமிஷத்தில் இருக்கும் வீட்டை எந்த நகரத்தாரும் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கட்டவில்லை. ஊர் பெயரும் தெருப் பெயரும் சொல்ல மறுக்கிறவர் கையில் வீடு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திருமயம் தாண்டும்போது போன் வந்தது. "மேடம், அந்த வீட்ல திடீர்னு ஷூட்டிங் வந்துருச்சு. அதைவிட பெட்டரா அப்கிரேட் பண்ணித் தரேன்." காரைக்குடிப் பக்கம் ஷூட்டிங் என்பது நம்பக்கூடிய காரணம். அங்கே எத்தனையோ சினிமா எடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தக் காரணத்தையே எடுத்துவைத்திருக்கிறார் போல. மறுநாள் அந்தப் படங்களை ஓர் உள்ளூர்க்காரரிடம் காட்டினோம். அது தங்குவதற்கு விடுகிற வீடே இல்லையாம், பங்காளிகள் பூட்டி வைத்திருக்கிறார்களாம், கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்றால்தான் திறப்பார்களாம்.

'அப்கிரேட்' என்பது பைபாஸ் ஓரத்தில் புதிதாக எழும்பிய இரண்டு மாடிக் கான்கிரீட் கட்டடம். வாசலில் பைபரில் இரண்டு யாளி. தூண்களுக்குத் தேக்கு நிறப் பெயின்ட். கீழே பூப்போட்ட டைல்ஸ். "ஆத்தங்குடி டைல்ஸ் மேடம்" என்றார் சாவி கொடுத்த பையன். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு நாலடி நடந்தார். "தம்பி, இது பாத்ரூமுக்குப் போடுறது."

அவர் சொன்னது சரிதான். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு டைலின் மூலை உடைந்திருந்தது. உள்ளே செங்கல் நிறம், மேலே தாள் கனத்துக்குப் படம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, கலர் கலந்த சிமென்ட்டைக் கரைத்து ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கையால் ஊற்றுவதால் ஒன்றைப் போல ஒன்று அச்சாக வராது. உடைத்தால் கலரே சில மில்லிமீட்டர் கனத்துக்கு இருக்கும், அதற்கடியில் சாம்பல் நிறச் சிமென்ட். கண்ணாடியில் பட்ட பக்கம் என்பதால் மேற்புறம் வழவழவென்று இருக்கும், நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். இங்கேயோ எல்லாப் பூவிலும் ஒரே இதழில் ஒரே புள்ளி.

ஏரியைப் பார்த்த அறை என்று ஜன்னலைத் திறந்தால் வறண்ட கண்மாய், நிறையச் சீமைக்கருவேலம். வைகாசி வெயிலில் கண்மாயில் தண்ணீர் இல்லாதது யார் குற்றமும் இல்லை. அந்தப் பக்கத்துக் கண்மாய்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருப்பவை. ஆனால் மழைக்காலத்துப் படத்தைப் போட்டு மே மாதத்தில் காசு வாங்குவதை என்னவென்று சொல்வது? பச்சையும் தண்ணீரும் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரியில் போங்கள். திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்திலும் வெளியூர்ப் பறவைகள் வருவது அப்போதுதான். அவற்றுக்காகப் பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடிகூட வைப்பதில்லை.

சாப்பாட்டுக்கு வாழையிலை போட்டார்கள். இலை மட்டும் அசல். ஆச்சி என்று யாரும் அந்தக் கட்டடத்தில் இல்லை. ஒரு பையன் பைக்கில் வெள்ளித்தாள் பொட்டலங்களோடு வந்தான். கோழி வறுவலின் கலர்ப்பொடி என் விரல் இடுக்கில் ஏறி, சோப்புப் போட்டும் சாயங்காலம் வரை போகவில்லை. செட்டிநாட்டுச் சமையல் என்றாலே நாக்கு எரிய வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கல்பாசியும் மராத்தி மொக்கும் வாசத்துக்கு, வெள்ளைப் பணியாரத்தில் காரமே கிடையாது, மண்டி என்ற குழம்புக்கு அரிசி கழுவிய தண்ணீர் வேண்டும். "மெனுவில் மண்டி, கவுனி அரிசி எல்லாம் எழுதியிருந்ததே" என்று கேட்டதற்கு, "அது சீசனுக்கு மேடம்" என்றார் ஏஜென்ட். கவுனி என்பது கறுப்பு அரிசி, அதற்கு என்ன சீசனோ.

மாலையில் வந்த 'கைடு' கானாடுகாத்தான் கூட்டிப் போனார். செட்டிநாடு அரண்மனையைத் தெருவில் நின்று பார்த்தோம், படம் எடுத்தோம், அவ்வளவுதான். உள்ளே போக அனுமதி வாங்கியிருப்பதாகச் சொன்னதெல்லாம் காற்றோடு போனது. பிறகு வேறு ஒரு வீட்டில் வாட்ச்மேனுக்கு என்று ஆளுக்கு 100 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார். இந்த வீடுகள் தனியார் சொத்து. டிக்கெட் போட்டு உள்ளே விடுகிறவை சில உண்டு, மீதி எல்லாம் உரிமையாளர் மனசு வைத்தால்தான். எந்த வீட்டுக்குள்ளும் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் வீட்டின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து, நாங்கள் கேட்காமலேயே, மெயின் ரோட்டில் ஒரு பழம்பொருள் குடோன். மங்குச் சாமான்கள் (பழைய வெளிநாட்டுத் தட்டு, கிண்ணங்கள்) அடுக்கியிருந்தன. ஒரு தட்டை 'ஸ்வீடன் சரக்கு' என்று 2,800 சொன்னார்கள். அடியில் எழுத்து பெயின்ட்டில் இருந்தது, அத்தை நகத்தால் சுரண்ட, பாதி எழுத்து நகத்தோடு வந்துவிட்டது. கைடுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அவருக்கு அங்கே கமிஷன் என்பது புரிய வேறு சாட்சி வேண்டாம்.

ராத்திரி ஏஜென்ட்டிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "தங்கிட்டீங்கல்ல, எப்படி ரிட்டர்ன் தர முடியும்?" மீதி 6,000 கொடுத்தால்தான் ஆதார் நகலைத் திருப்பித் தருவேன் என்று கட்டடத்து ஆள் மிரட்டினார். நகல்தானே, வைத்துக்கொள்ளட்டும் என்று விடிவதற்குள் கிளம்பிவிட்டோம்.

மறுநாள் எங்கள் இஷ்டத்துக்குச் சுற்றினோம், அது நன்றாகவே இருந்தது. விடியற்காலை பிள்ளையார்பட்டி, கூட்டம் சேர்வதற்கு முன். ஆத்தங்குடியில் கல் போடும் பட்டறை ஒன்றில் ஓர் அண்ணன் ஊற்றிக் காட்டினார், காசு கேட்கவில்லை. அத்தை அங்கே அடுக்கியிருந்த கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பும் வழியில் திருமயம் கோட்டை. 1687இல் ராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டியது, அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைவரைக் கோயில்கள் பக்கத்தில் பக்கத்தில். மேலே ஏற வெயிலுக்கு முன் போங்கள், பாறை சுடும். இத்தனைக்கும் ஏஜென்ட் தேவையே இல்லை.

அசலான பழைய வீடுகளில் நியாயமாகத் தங்க வைப்பவர்கள் கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் இருக்கிறார்கள். விலை கூடத்தான். நேராக வீட்டுக்குப் போன் செய்து, வீடியோ காலில் வளவில் நின்று முகப்புவரை நடந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையான வீடு என்றால் இரண்டு நிமிஷ வேலை. மேப்பில் வீடு இருக்கும் இடத்தை அனுப்பச் சொல்லுங்கள், வேறு வீட்டுக்கு மாற்றினால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

ஊர் திரும்பியதும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். விளம்பரப் படங்கள், ஜீபே ரசீது, 'அப்கிரேட்' என்று அவர் அனுப்பிய மெசேஜ், உடைந்த டைல் போட்டோ எல்லாம் கைவசம் இருக்கின்றன. அதில் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், காரைக்குடிக்கு அலைய வேண்டாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை.

போன வாரம் ஏஜென்ட் கூப்பிட்டார். நான் போட்ட ரிவ்யூவை எடுத்துவிட்டால் பாதிப் பணம் தருகிறாராம். அதை எழுத்தில் அனுப்புங்கள் என்றேன். இன்னும் அனுப்பவில்லை. இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பெயரை மட்டும் மாற்றிவிட்டார். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் ரசீதுகளை அழித்துவிடாதீர்கள். சேர்ந்து கொடுத்தால் புகாருக்கு வலு கூடும்.