டயாலிசிஸ் பேக்கேஜ் என்று முன்பணம் கேட்டால் கட்டாதீர்கள்

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் உங்கள் வீட்டில் இருந்தால் இதை அவசியம் படியுங்கள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள ஒரு தனியார் டயாலிசிஸ் சென்டர், 36,000 ரூபாயை மொத்தமாக வாங்கிக்கொண்டு, இன்று காலை என் அப்பாவுக்கு இன்னொருவருடைய டயலைசரை (ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டி) மாட்டப் பார்த்தது.

பேக்கேஜ் சேர்ந்த அன்று மேனேஜர் எங்கள் கண் முன்னாலேயே சீல் பிரிக்காத புது டயலைசரை எடுத்தார். அதில் மார்க்கரால் அப்பா பெயரை எழுதினார். "மேடம், இது ஐயாவுக்கு மட்டும்தான். கழுவி மறுபடி அவருக்கே போடுவோம், வேற யார்கிட்டயும் போகாது" என்றார். ஒரே நோயாளிக்குச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துவது நம் ஊரில் வழக்கம்தான், ஒழுங்காகச் செய்தால் தப்பில்லை என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அந்தப் பெயரைப் பார்த்த தைரியத்தில்தான் அம்மாவின் வளையலை அடகு வைத்து 36,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

இன்று டெக்னீஷியன் ரத்தக் குழாயை இணைக்கப் போகும்போது டயலைசரில் வேறு பெயர் இருந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டேன். "அக்கா, சைஸ் ஒண்ணுதான், நல்லா கழுவியாச்சு" என்கிறான். சைஸா பிரச்சினை? அதற்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான நுண்குழல்களில் இன்னொருவர் ரத்தம் ஓடியிருக்கிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ் தொற்று வந்தால் யார் பொறுப்பு? இதற்கு முன்பு எத்தனை தடவை இப்படி நடந்ததோ, நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

மேனேஜரிடம் போனால் "பெயர் எழுதினதுல மிஸ்டேக்" என்றார். டயலைசர் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றேன், அது ஆபீஸுக்கு மட்டுமாம். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறார்: முன்பணம் திரும்பத் தரப்படாது. பேக்கேஜில் பாதிகூட முடியவில்லை! மதியத்திலிருந்து போனையும் எடுப்பதில்லை.

அப்பாவை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். இலவசமாகவே டயாலிசிஸ் செய்தார்கள். ரத்தப் பரிசோதனையும் எழுதினார்கள். இப்போது நெகட்டிவ் வந்தாலும் போதாதாம், சி வைரஸ் தொற்று பரிசோதனையில் தெரிய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகலாமாம். அதுவரை எப்படித் தூங்குவது?

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. மாட்டுவதற்கு முன் டயலைசரில் உள்ள பெயரை நீங்களே படியுங்கள். கழுவிய மருந்து மிச்சமிருக்கிறதா என்று டெஸ்ட் ஸ்ட்ரிப் (சோதனைப் பட்டை) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் அன்றன்றே பணம் கட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் டயாலிசிஸும் அதில் வரும், முதலில் அதை விசாரியுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. ரசீதையும் டயலைசர் போட்டோவையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். 36,000 ரூபாயை விடுவதாக இல்லை.