ஓம் மோடா, வோல்ட்-ஆம்பியர் கணக்கா? ரெசிஸ்டன்ஸும் பவரும் கண்டுபிடிக்க எது சரி

ஒரு பொருளோட ரெசிஸ்டன்ஸ் தெரியணும்னா ரெண்டு வழி இருக்கு. மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி ரெண்டு ப்ரோபையும் வச்சு நேரா பாத்துடலாம், இல்லன்னா சப்ளை குடுத்து அது ஓடிட்டு இருக்கும்போதே வோல்டேஜையும் கரண்டையும் அளந்து வகுத்துக்கலாம். ரெண்டுமே ஒரே விடை தரும்னு தான் நினைப்போம், சாதாரண ரெசிஸ்டர்ல தரவும் செய்யும், ஆனா நல்லா சூடாகுற பொருள்னு வந்துட்டா மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வண்டி இண்டிகேட்டர்ல வர்ற 12 வோல்ட் 21 வாட் இழை பல்ப எடுத்துக்குங்க. ஓம் மோடுல வச்சா சுமாரா 0.6 ஓம் காட்டும். அத வச்சு பவர் போட்டா (வோல்டேஜ் ஸ்கொயர் பை ரெசிஸ்டன்ஸ்) 12 இன்ட்டு 12, 144, அத 0.6-ஆல வகுத்தா 240 வாட்! 21 வாட் பல்புக்கு 240 வாட்னு கணக்கு வந்தா யாரா இருந்தாலும் மீட்டர் போச்சுன்னு தான் நினைப்பாங்க. மீட்டர் மேல தப்பே இல்ல. அதே பல்ப எரியவிட்டு அளந்தா 1.75 ஆம்பியர் ஓடும், 12-ஐ 1.75-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 6.9 ஓம், பெருக்கினா சரியா 21 வாட். டங்ஸ்டன் இழை எரியும்போது 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல போயிடும், அந்த சூட்டுல ரெசிஸ்டன்ஸ் பத்து மடங்குக்கு மேல ஏறிடும், ஓம் மோடு அனுப்புறது துளியூண்டு கரண்டு தான், அதனால இழை ஆறியே கிடக்கு, மீட்டர் ஆறின இழையோட ரெசிஸ்டன்ஸ தான் சொல்லுது. அந்த 0.6 ஓமும் வேஸ்ட் இல்ல, சுவிட்ச் போட்ட அந்த நொடியில எவ்வளவு கரண்டு பாயும்னு தெரியணும்னா அது தான் வேணும், பல்பு பெரும்பாலும் ஆன் பண்ற நேரத்துல போறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

என் கட்சி வோல்ட்-ஆம்பியர் பக்கம் தான், ஆனா எல்லா இடத்துலயும் இல்ல. வயர் அறுந்திருக்கா, சுருள் ஓப்பனா, ரெசிஸ்டர் கலர் அழிஞ்சு போச்சு மதிப்பு என்ன, இதுக்கெல்லாம் ஓம் மோடு போதும், சப்ளை ஆஃப்ல இருக்கணும், ரெசிஸ்டரோட ஒரு காலாவது சர்க்யூட்ட விட்டு கழட்டியிருக்கணும், அவ்வளவு தான்.

ரொம்ப சின்ன ரெசிஸ்டன்ஸ்னா ஓம் மோடு தோத்துடும். 0.1 ஓம் ஷன்ட்ட (கரண்டு அளக்க வைக்கிற சின்ன ரெசிஸ்டர்) அளக்கப் போனா ப்ரோப் வயருக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும், அளக்குற பொருள விட வயர் பெருசு. இங்க 1 ஆம்பியர் ஓடவிட்டு, வோல்ட் ப்ரோப மட்டும் தனியா ஷன்ட்டோட உடம்பு ஓரத்துல வச்சா 0.1 வோல்ட் காட்டும், கரண்டு போற வயர்ல விழுற வோல்டேஜ் இதுல சேராது. நாலு வயர் முறை, கெல்வின் முறைன்னு சொல்றது இது தான். ரொம்ப பெரிய ரெசிஸ்டன்ஸ்ல கதை மாறும். டிஜிட்டல் மீட்டரும் வோல்ட் மோடுல சுமார் 10 மெகா ஓம் ரெசிஸ்டர் மாதிரி தான், அத 1 மெகா ஓம் ரெசிஸ்டருக்கு பேரலலா வச்சா ஆம்மீட்டர் ரெண்டோட கரண்டையும் சேத்து காட்டும், விடை 0.91 மெகா ஓம்னு வரும். அப்போ வோல்ட்மீட்டர ஆம்மீட்டரும் ரெசிஸ்டரும் ரெண்டும் உள்ள வர்ற மாதிரி வெளிய போடணும், இல்ல பேசாம ஓம் மோடு.

பவருக்கு மூணு ஃபார்முலா இருக்கு: வி ஐ, ஐ ஸ்கொயர் ஆர், வி ஸ்கொயர் பை ஆர் (வி வோல்டேஜ், ஐ கரண்டு, ஆர் ரெசிஸ்டன்ஸ்). மூணும் ஒண்ணு தான்னு பாடத்துல படிச்சிருப்போம், ஆர் நிஜமாவே அந்த நேரத்து ஆரா இருந்தா மட்டும் தான் ஒண்ணு. எல்இடிய பாருங்க, 20 மில்லி ஆம்பியர்ல 3 வோல்ட், வகுத்தா 150 ஓம். கரண்ட 2 மில்லி ஆம்பியருக்கு குறைச்சா 2.7 வோல்ட், வகுத்தா 1350 ஓம்! இதுல எது எல்இடியோட ரெசிஸ்டன்ஸ்? ரெண்டும் இல்ல, கேள்வியே இதுக்கு பொருந்தாது. ஆனா வி ஐ ரெண்டு இடத்துலயும் நிக்கும், 60 மில்லி வாட், 5.4 மில்லி வாட். இன்னொன்னு, ஐ ஸ்கொயர்ல கரண்டு அளவு 2 சதவீதம் தப்புனா பவர் 4 சதவீதம் தப்பும். வயர் எவ்வளவு சூடாகும்னு பாக்க மட்டும் ஐ ஸ்கொயர் ஆர் தான் வசதி, ரெண்டு முனையிலயும் ஒரே நேரத்துல மீட்டர் வைக்க முடியாத நீள வயருக்கு இது தான் சுலபம்.

யூனிட்ல தான் நெறைய பேர் விழுறாங்க. 12 வோல்ட்ட 20 மில்லி ஆம்பியரால வகுத்து 0.6 ஓம்னு எழுதிடுவாங்க, வோல்ட்ட மில்லி ஆம்பியரால வகுத்தா விடை கிலோ ஓம்ல வரும், அதாவது 600 ஓம்.

ஏசில மோட்டார் மாதிரி சுருள் இருக்குற லோடுக்கு வோல்ட்-ஆம்பியர் கணக்கும் தனியா நிக்காது. 230 வோல்ட், 2 ஆம்பியர்னா 460 விஏ (வோல்ட்டும் ஆம்பியரும் பெருக்கின அளவு), பவர் ஃபேக்டர், அதாவது அதுல நிஜமா பவரா போற பங்கு, 0.7-னா நிஜமான பவர் 322 வாட் தான். வகுத்து வர்ற 115 ஓமும் இம்பீடன்ஸ் (ரெசிஸ்டன்ஸோட சுருளோட ஏசி தடையும் சேந்தது), வெறும் ரெசிஸ்டன்ஸ் இல்ல. இங்க வாட்மீட்டர் தான் சரி.

கரண்டு அளந்து முடிச்சதும் செவப்பு ப்ரோப ஆம்பியர் துளையிலிருந்து எடுத்து வோல்ட் துளைக்கு மாத்திடுங்க, மறந்து அப்படியே சப்ளை ரெண்டு முனையிலயும் வச்சீங்கன்னா ஷார்ட் தான், மெயின்ஸா இருந்தா கையே போயிடும்.