அடிக்கடி நீலத்திரை காட்டும் பிராண்டட் டெஸ்க்டாப்: ஃபார்மட்டா, சொந்தச் சோதனையா, சர்வீஸ் சென்டரா?

நிறுவனமே முழுதாகத் தயாரித்து விற்கும் பிராண்டட் டெஸ்க்டாப் வாரத்துக்கு மூன்று நான்கு முறை நீலத்திரை காட்டி ரீஸ்டார்ட் ஆனால் மூன்று வழிகள் உண்டு: ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போடலாம், பாகங்களை நாமே சோதிக்கலாம், வாரண்டியில் சர்வீஸுக்கு அனுப்பலாம். மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். வரிசையைத்தான் தலைகீழாக வைத்துக்கொண்டேன்.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஃபார்மட். டிரைவர் (பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) கோளாறாக இருந்தால் அது தீர்த்துவிடும். ஆனால் நீலத்திரை வரும்போது விண்டோஸ் சேமிக்கும் மினிடம்ப் கோப்புகளும், கணினியில் நடந்ததைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவர் பதிவுகளும், அதாவது இருந்த தடயம் முழுவதும், அதோடு போய்விடும். அந்தத் தடயங்களில் ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவரின் பெயர் வந்தால் டிரைவரையும், முறைக்கொரு பிழைக்குறி வந்தால் ராமையும் (தற்காலிக நினைவகம்) முதலில் சந்தேகிக்கலாம். ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவைக் கண்டதும் பவர் சப்ளையைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. கணினி முறையாக அணையவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

என் ஓட்டு சொந்தச் சோதனைக்கே. பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) ராமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. அதிலேயே நீலத்திரை நின்றுவிட்டால், ராம் கெட்டுப்போகாமல், அந்த வேகத்தைத் தாங்க முடியாமல் தடுமாறியிருக்கவும் கூடும். நிற்காவிட்டால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, ராம் குச்சிகளை ஒவ்வொன்றாகத் தனியே போட்டு, இரவு முழுக்க ஓடவிட வேண்டும். என் கணினியில் முதல் 8 ஜிபி குச்சி சுத்தமாகத் தேறியது. இரண்டாவதைக் கிளிப் ‘டக்’ என்று விழும்வரை அழுத்திப் பொருத்தி ஓடவிட்டுப் படுத்தேன், காலையில் பிழை எண்ணிக்கை 37-இல் நின்றது. ஒரே ஒரு பிழை வந்தாலும் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. கேபினெட்டைத் திறக்குமுன் வாரண்டி விதிகளைப் படித்துக்கொள்வது நல்லது.

பவர் சப்ளையும் மதர்போர்டும் வேறு கதை. பிராண்டட் கணினிகள் பலவற்றில் கனெக்டர்களே தனி வகை என்பதால் நண்பரிடம் இரவல் வாங்கி மாற்றிப் பார்க்க முடியாது. அங்கே சர்வீஸ் சென்டர்தான் கதி. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் உள்ளவர்கள் கணினித் தயாரிப்பாளர் தரும் புதிய பயாஸை முதலில் ஏற்ற வேண்டும். அவற்றில் சில மாடல்களுக்குக் கூடுதல் வோல்டேஜால் வந்த பாதிப்பைத் தடுக்க 2024 ஆகஸ்டில், பயாஸோடு வரும் மைக்ரோகோடு (பிராசஸரின் உள்கட்டளைத் தொகுப்பு) திருத்தம் வெளியானது. ஏற்கெனவே பழுதான சில்லை அது சரிசெய்யாது. அதற்கு மாற்றுப் பிராசஸர்தான் வழி, இன்டெலும் அவற்றுக்கு வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்தது.

சர்வீஸ் சென்டரின் குறை, அவர்கள் கண்முன் கணினி ஒழுங்காக ஓடிவிடுவது. முதல்முறை ஃபார்மட் அடித்துக் கொண்டுபோனபோது, ‘குறை ஏதும் இல்லை’ என்று எழுதித் திருப்பித் தந்தார்கள். இரண்டாம் முறை அந்த 37-ஐப் படமெடுத்துக் காட்டினேன். கேள்வி கேட்காமல் ராமை மாற்றித் தந்தார்கள்.