ரவுண்ட்கியூபா, ஸ்னாப்பிமெயிலா: சின்ன ஆபீஸுக்கு எந்த வெப்மெயில்?

ரவுண்ட்கியூப், ஸ்னாப்பிமெயில் இரண்டும் பிரவுசரிலேயே மெயில் பார்க்க நம் சொந்த சர்வரில் போட்டுக்கொள்ளும் வெப்மெயில் மென்பொருள்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாங்கள் எடுத்தது ரவுண்ட்கியூப், கீழே வரும் அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். மண்ணடி தம்பு செட்டித் தெருவில் எங்களுடையது ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ், அதாவது இறக்குமதி, ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுப்பவர்கள். மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் தலையில் இருக்கும் பல வேலைகளில் ஒன்று. அதற்கென்று தனியாக ஆள் கிடையாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் தனி ஆள் உள்ள இடத்தில் என் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். சர்வரில் மெயில்கள் உட்கார்ந்திருப்பது டவ்காட் என்ற மென்பொருளில், வெளியே அனுப்புவது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இன்னொன்று. வெப்மெயில், ஐமேப் என்ற மெயில் படிக்கும் நெறிமுறை வழியாக அவற்றை எடுத்து பிரவுசரில் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒன்றைத் தூக்கிவிட்டு இன்னொன்றைப் போட்டாலும் ஒரு மெயிலும் இடம் மாறாது. கையெழுத்து, முகவரிப் புத்தகம், சில செட்டிங்குகள் மட்டும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். அதனால் இரண்டையும் ஒரே விபிஎஸ்ஸில் (வாடகை சர்வரில்) பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு ஆட்களைப் பயன்படுத்தச் சொல்லிப் பார்க்க முடியும், நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

வேறு பெயர்களும் காதில் விழும். ஸ்குவிரல்மெயிலின் கடைசி ஸ்டேபிள் வெளியீடு 2011-ல் வந்தது, அத்தோடு விட்டுவிடலாம். கோப்புகளைச் சொந்த சர்வரில் வைத்துப் பகிரும் நெக்ஸ்ட்கிளவுட் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு அதன் மெயில் ஆப் போதும், மெயிலுக்காக மட்டும் நெக்ஸ்ட்கிளவுட் போடுவது அதிகப்படி. சோகோ (SOGo, நம் ஊர் Zoho அல்ல) நல்ல சரக்கு: காலண்டர், தொடர்புகள், ஃபோனோடு ஒத்திசைவு எல்லாம் உள்ளேயே வருகிறது, மெயில் சர்வருக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒன்றாகத் தரும் மெயில்கவ் தொகுப்பில் இயல்பாகவே அதுதான் இருக்கிறது. ஆனால் மெயில்கவ் முழுசாகப் போட 6 ஜிபி ராம் கேட்கிறார்கள், எங்கள் சர்வர் அதைவிடச் சின்னது. சோகோவை வெறும் சோதனையாகத்தான் தொட்டிருக்கிறேன் என்பதால் அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்குத் தகுதி இல்லை.

சரி, ஸ்னாப்பிமெயில். ரெயின்லூப் என்று ஒரு வெப்மெயில் இருந்ததே, அதிலிருந்து பிரிந்து வந்தது. முதல் பார்வையிலேயே இதுதான் ஜெயிக்கும். டேட்டாபேஸ் கட்டாயம் இல்லை, பிஎச்பி (இரண்டு வெப்மெயிலும் எழுதப்பட்டிருக்கும் மொழி) சர்வரில் இருந்தால் கோப்புகளைப் போட்டு ஓடவிடலாம். பக்கம் சட்டென்று திறக்கிறது. எங்கள் பசங்க பாதி நாள் கஸ்டம் ஹவுஸிலோ, மாதவரம், மணலி பக்கம் கண்டெய்னர் யார்டிலோ நின்றுகொண்டு ஃபோனில்தான் மெயில் பார்ப்பார்கள், அவர்களிடம் கேட்டால் இன்றைக்கும் ஸ்னாப்பிமெயில்தான் என்பார்கள். ரவுண்ட்கியூபும் 2019-ல் வந்த 1.4-இலிருந்து எலாஸ்டிக் என்ற தோற்றத்தால் ஃபோன் திரைக்கு ஏற்ப மடங்குகிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் அந்த லாவகம் இல்லை.

இன்னொரு விஷயத்திலும் ஸ்னாப்பிமெயிலுக்கு மார்க் போட்டாக வேண்டும். இம்போர்ட்டுக்கு ஒன்று, எக்ஸ்போர்ட்டுக்கு ஒன்று, அக்கவுண்ட்ஸுக்கு ஒன்று என்று பொது மெயில் பெட்டிகள் வைத்திருக்கும் ஆபீஸில் ஒரே ஆள் மூன்றையும் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்னாப்பிமெயிலில் ஒரு முறை நுழைந்துவிட்டு மற்ற கணக்குகளையும் சேர்த்துக்கொள்ளலாம், மாறுவதற்கு ஒரு கிளிக். ரவுண்ட்கியூபில் ஒரு லாகின், ஒரு பெட்டி. பல கணக்குகளைச் சேர்க்க வெளியார் எழுதிய பிளக்இன் (கூடுதல் துணுக்கு) இருக்கிறது, நான் போடவில்லை. டவ்காட் பக்கத்திலேயே பொதுப் பெட்டியை உரியவர்களுக்குப் பகிர்ந்துவிட்டேன், அது அவரவர் பெட்டிக்குள் ஒரு ஃபோல்டராகத் தெரிகிறது. யோசித்துப் பார்த்தால் இதுதான் சரியான வழியும்கூட, பொதுப் பெட்டியின் பாஸ்வேர்டு எல்லோர் கையிலும் சுற்ற வேண்டியதில்லை.

இணைப்புக் கோப்பு விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான், இரண்டையும் திட்டுவதும் தப்பு. பில் ஆஃப் லேடிங், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் மூன்றையும் ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்கி ஏற்றினால் நின்றுவிடும். காரணம் பிஎச்பி: இயல்பாக 2 எம்பிக்கு மேல் ஏற்ற விடாது. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் முன்னால் இருந்தால் அது 1 எம்பியிலேயே மறிக்கும். அதற்கும் பின்னால் போஸ்ட்ஃபிக்ஸின் எல்லை ஏறக்குறைய 10 எம்பி, இணைப்பு மெயிலுக்குள் போகும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும் என்பதால் கையில் கிடைப்பது ஏழரை எம்பிக்குப் பக்கம்தான். இந்த மூன்று இடத்தையும் உயர்த்தாமல் எந்த வெப்மெயில் போட்டும் பயனில்லை.

இப்போது பராமரிப்பு. என் முடிவு இங்கேதான் நிற்கிறது.

வெப்மெயில் மற்ற வெப் ஆப்களைப் போல இல்லை. முகம் தெரியாத எவனோ எழுதி அனுப்பிய எச்டிஎம்எல், நீங்கள் லாகின் ஆகியிருக்கும் அதே பக்கத்தில் திறக்கிறது. வடிகட்டுவதில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் போதும், மெயிலைத் திறந்த மாத்திரத்தில் உங்கள் பெட்டி அவன் கையில். நம் தொழிலில் இது என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை: சரக்கு அனுப்பியவரோடு நடக்கும் பேச்சைச் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்துவிட்டு, பணம் கட்டும் நேரத்தில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று ஒரு மெயில் வரும்.

ஆகவே ஓட்டை வருமா என்று கேட்பதில் அர்த்தம் இல்லை, வரும். ரவுண்ட்கியூபுக்கும் வந்திருக்கிறது, அதுவும் பெரிதாக. 2023 அக்டோபரில் எஸ்விஜி படத்துக்குள் ஒளித்த ஸ்கிரிப்ட்டை வைத்து ஐரோப்பிய அரசு அலுவலகங்களின் பெட்டிகளுக்குள் புகுந்தார்கள். மெயிலைப் பார்த்தாலே போதும், எதையும் கிளிக் செய்ய வேண்டாம். ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதை 12-ஆம் தேதி தெரிவித்தது, 14-இல் திருத்தம் தயார், 16-இல் புதிய வெளியீடுகள் வந்துவிட்டன. 2025 ஜூனில் வந்தது இன்னும் மோசம்: பத்து வருஷத்துக்கு மேல் கோடில் கிடந்த பிழை, லாகின் உள்ள யாராலும் சர்வரிலேயே தங்கள் கட்டளையை ஓடவைக்க முடியும். லாகின் வேண்டுமே என்று ஆறுதல்படுபவர்கள், தங்கள் ஆபீஸில் கம்பெனி பெயரோடு 123 சேர்த்து எத்தனை பேர் பாஸ்வேர்டு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம். அதற்கும் 1.6.11, 1.5.10 என்று புதிய வரிசைக்கும் பழைய வரிசைக்கும் சேர்த்தே திருத்தம் வந்தது.

மறுபக்கம் ரெயின்லூப் என்ன ஆனது? அதன் 1.16-இல், மெயிலைப் பார்த்தாலே பெட்டி பறிபோகும் அந்த வகை ஓட்டை இருப்பதை சோனார் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தினர் 2021 நவம்பர் கடைசியில் தெரிவித்தார்கள். மாதக்கணக்கில் திருத்தம் வராததால் 2022 ஏப்ரலில் அதை வெளிப்படையாக எழுதி, ஸ்னாப்பிமெயிலுக்கு மாறிவிடுங்கள் என்று அவர்களே சொன்னார்கள். இது ஸ்னாப்பிமெயிலுக்கு நல்ல சான்றிதழ்தான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்னாப்பிமெயிலின் சுமையும் பெரும்பாலும் ஒரே ஒரு டெவலப்பரின் தோளில் இருக்கிறது. அவருக்கு உடம்பு சரியில்லை என்றாலோ வேறு வேலை வந்துவிட்டாலோ என்ன ஆகும் என்ற கேள்விக்கு ரெயின்லூப்பே பதில்.

எங்களுக்குத் தராசு சாய்ந்தது இன்னும் சாதாரணமான ஒரு காரணத்தால்: எங்கள் சர்வரில் ஓடும் லினக்ஸ் வகையான டெபியனின் தொகுப்பிலேயே ரவுண்ட்கியூப் இருக்கிறது. டெபியன் 12-இல் 1.6 வரிசை. ஓட்டை வந்தால் டெபியன் பாதுகாப்புக் குழு திருத்தத்தை அந்த வரிசையிலேயே சேர்த்துத் தருகிறது, தானியங்கி அப்டேட் போட்டிருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக அது இறங்கிவிடும். நான் தண்டையார்பேட்டையில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, ஊருக்குப் போயிருந்தாலும் சரி. ஸ்னாப்பிமெயிலில் அட்மின் பக்கத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் அப்டேட் ஆகிவிடும், வசதிதான், ஆனால் யாராவது ஞாபகம் வைத்து அழுத்த வேண்டும். அதோடு, அந்த பட்டன் வேலை செய்ய வேண்டுமென்றால் பிஎச்பிக்குத் தன் கோடையே மாற்றி எழுதும் அனுமதி தர வேண்டும், அது எனக்கு உறுத்துகிறது.

இதில் ஒரு விலை உண்டு. டெபியன் வழியாகப் போனால் புதிய வசதிகள் தாமதமாகத்தான் வரும். வெளியிலிருந்து எடுத்துப் போடும் பிளக்இன்களுக்கு டெபியன் பொறுப்பேற்காது, அதனால் வடிகட்டும் விதிகளுக்கான மேனேஜ்சீவ் போல ரவுண்ட்கியூபோடு கூடவே வருபவற்றோடு நிறுத்திக்கொண்டேன். முகவரிப் புத்தகத்தை ஃபோனோடு ஒத்திசைக்கும் கார்ட்டாவ் வசதி ஸ்னாப்பிமெயிலில் உள்ளேயே இருக்கிறது, ரவுண்ட்கியூபில் பிளக்இன் வேண்டும், அதை இழந்தது இழந்ததுதான். 2023 நவம்பரில் ரவுண்ட்கியூப் நெக்ஸ்ட்கிளவுட்டோடு சேர்ந்தது. எனக்கு அதில் சந்தோஷம், சம்பளம் கொடுக்க ஒரு நிறுவனம் பின்னால் இருக்கிறது என்பதால்.

பெட்டிக்கு லட்சக்கணக்கில் மெயில் இருந்தால் தேடும் வேகம் எப்படி என்று கேட்காதீர்கள், எங்கள் பெட்டிகள் அவ்வளவு பெரிதில்லை. தவிர, தேடுவது டவ்காட்டின் வேலை, அங்கே இன்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) போடாமல் இரண்டையும் ஒப்பிடுவது நியாயமும் இல்லை. மெயிலைப் பெறுபவர் மட்டுமே படிக்கும்படி மறையாக்கும் பிஜிபி பூட்டு எங்கள் ஆபீஸில் யாரும் பயன்படுத்துவதில்லை, அதனால் அதையும் ஒப்பிடவில்லை.

இவ்வளவு படித்த பிறகும் ஸ்னாப்பிமெயில்தான் வேண்டும் என்றால் தாராளமாகப் போடுங்கள், கெட்டது அல்ல. அதன் டேட்டா ஃபோல்டரை மட்டும் வெப் ரூட்டுக்கு (பிரவுசரிலிருந்து எட்டக்கூடிய ஃபோல்டருக்கு) வெளியே நகர்த்திவிடுங்கள். அப்பாச்சே என்ற வெப் சர்வருக்காக அதில் வைத்திருக்கும் தடுப்புக் கோப்பை என்ஜின்எக்ஸ் கண்டுகொள்ளாது. அட்மினின் முதல் பாஸ்வேர்டு அந்த ஃபோல்டருக்குள்தான் ஒரு டெக்ஸ்ட் கோப்பாகக் கிடக்கும்.