ஆலப்புழையில் படகு வீடு எடுக்கிறீர்களா? ராத்திரி எங்கே கட்டுவார்கள் என்று முதலில் கேளுங்கள்

போன மாதம் மதுரையிலிருந்து அம்மா, மனைவி, பிள்ளைகளோடு ஆலப்புழை போய், ஒரு ராத்திரிக்கு 14,000 ரூபாய் கொடுத்துவிட்டுப் படகுகள் நிறுத்தும் இடத்தில் படுத்து எழுந்து வந்தேன். அடுத்து போகிறவர்களாவது உஷாராக இருங்கள்.

பகல் 12-க்கு ஏறினால் மறுநாள் காலை 9-க்கு இறங்கலாம் என்றார் ஏஜென்ட். 21 மணி நேரம் என்று மனக்கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டோம். மாலை 5.30-க்கு மேல் காயலில், அதாவது உப்பங்கழியில், படகு வீடு ஓட்டக் கூடாது, மீன்பிடிக்கிறவர்கள் வலை போடும் நேரம் அது. நியாயமான விதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன்படி ராத்திரி முழுக்கப் படகு ஏதோ ஒரு கரையில் கட்டித்தான் கிடக்கும், அந்தக் கரை எது என்பதில்தான் ஏமாற்றே இருக்கிறது. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் வயலோரம், ஒற்றைத் தென்னை, தனியாக ஒரு படகு.

கிளம்பவே 12.50. புன்னமடையைத் தாண்டி வேம்பநாட்டுக் காயலில் ஒரு சுற்று, அப்புறம் சாப்பாட்டுக்கு என்று ஒன்றரை மணி நேரம் கட்டிப்போட்டார்கள். அடுத்து ஒரு மீன் கடை வாசலில் நிறுத்தம். கரிமீன் பேக்கேஜிலேயே உண்டு என்று பேசியிருந்தும், "சாரே, நல்ல கொஞ்சு உண்டு, வாங்கினா பொரிச்சுத் தரலாம்" என்று ஆரம்பித்து, கொஞ்சு என்கிற இறாலுக்கு 1,400 ரூபாய் கழன்றது.

4.30-க்கே இன்ஜின் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால், கிளம்பிய படகுத்துறை கூப்பிடு தூரத்தில்! ஏழெட்டுப் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன, எங்களுடையது மூன்றாவது. கரையில் இறங்க வேண்டுமென்றால் இரண்டு படகைத் தாண்டி, யாரோ உட்கார்ந்து டீ குடிக்கிற மேசையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். 68 வயது அம்மா இறங்கவே இல்லை. வடத்தைக் கட்டியிருந்த தென்னையைப் பார்த்தேன், கயிறு அறுத்து அறுத்து அந்த இடத்தில் மட்டும் மரம் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தது. என்றைக்கும் கட்டுகிற இடம்தான் அது, எங்களுக்காக அன்றைக்குத் தேடிப் பிடித்ததல்ல.

இருட்டியதும் ஒருவர் வந்து கரையில் கட்டியதற்கு 500 ரூபாய் கேட்டார். படகோட்டி ஸ்ராங்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஏஜென்டுக்குப் போன் போட்டால் "சீசன் சார், இடம் கிடைக்கலை". பிள்ளைகள் முன்னால் சண்டை வேண்டாமென்று கொடுத்துத் தொலைத்தேன், இன்றைக்கும் அதுதான் உறுத்துகிறது. ஏசி ராத்திரி 9-லிருந்து காலை 6 வரைதான், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்துப் படகு ஜெனரேட்டரின் புகைக்குழாய் எங்கள் ஜன்னலுக்கு இரண்டடியில் இருந்ததால் ஜன்னலைத் திறக்கவே முடியவில்லை.

அட்வான்ஸ் கொடுக்குமுன் படகை நேரில் பாருங்கள். கைனகரியோ நெடுமுடியோ, ராத்திரி கட்டும் இடத்தின் பெயர், எத்தனை மணிக்குக் கட்டுவார்கள், தனியாகவா வரிசையிலா, கரைக்காசு யார் பொறுப்பு, எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். "நல்ல இடம் சார்" என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

காலை 8.30-க்கே பெட்டிகளை இறக்கிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் படகுத்துறையிலிருந்து அரசு போட்டில் கோட்டயம் போனோம். இரண்டரை மணி நேரம், டீக்காசு மாதிரி ஒரு டிக்கெட், அதே காயல். அதில்தான் அம்மா வேம்பநாட்டை ஒழுங்காகப் பார்த்தார்.